கதவைத் திறக்கும் முகம்

ஒரோன்சோவுக்கு மத்தியதரைக் கடலோர ஊர்கள் எல்லாமே தெரியும். ஆனால் பின்பக்கமாகத்தான் தெரியும். நேப்பிள்ஸ் என்றால் அவருக்குத் துறைமுகச் சுவரை ஒட்டிய பேருந்து நிறுத்தம். ஜெனோவா என்றால் மேம்பாலத்தின் நிழல். மார்சேய் என்றால் ஓர் உணவகத்தின் சமையலறை வாசலும், அங்கே வெயிலில் சாய்த்து வைத்திருக்கும் துடைப்பங்களும்.

சுற்றுலாப் பேருந்து ஓட்டியே அவருடைய வாழ்நாள் போனது. பயணிகள் இறங்கி, சின்னக் கொடி பிடித்த வழிகாட்டிப் பெண்ணின் பின்னால் ஊருக்குள் போவார்கள். சாயங்காலம் கால்வலியோடும் பைகளோடும் திரும்பி வருவார்கள். அதுவரை ஓட்டுநர் வண்டியை விட்டு நகரக் கூடாது. கண்ணாடியை உடைத்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வண்டி கண்ணில் படும் தூரம் எவ்வளவோ, அவ்வளவு தூரம்தான் ஒரோன்சோ எந்த ஊரிலும் நடந்திருக்கிறார்.

நீண்ட தடங்களுக்கு இரண்டு ஓட்டுநர்கள் வேண்டும். அவருடைய ஜோடி கலோஜெரோ, சிசிலிக்காரர். ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் வண்டியின் வயிற்றுக்குள், பின்படிக்கட்டுக்குக் கீழே பெட்டி மாதிரி இருக்கும் படுக்கையில் தூங்க வேண்டும். இப்படியே பாதி ஆயுள் ஒரே வண்டியில் போனது. ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து விழித்திருந்த நேரம் ரொம்பக் குறைவு. ஆள் மாறும்போது ஒரு சிகரெட் பிடிக்கிற அளவுக்குப் பேச்சு, அவ்வளவுதான்.

"பிரேக் கொஞ்சம் இழுக்குது, பாத்துக்க."

"மூணாவது சீட்டு அம்மா வளைவு வந்தா வாந்தி எடுக்கும். மெதுவாப் போ."

தூங்கப் போகுமுன் கலோஜெரோ ஓர் ஆரஞ்சை உரித்து, சுளை சுளையாகப் பிரித்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். ஒரோன்சோ நன்றி சொன்னதில்லை. சொல்லலாம் என்று நினைக்கும்போது கீழே குறட்டை கேட்கும்.

வேலை ஓய்ந்தபின் கலோஜெரோ தன் மகளோடு ஸ்பெயினில் தரகோனாவுக்குப் போய்விட்டார். மருமகன் அந்த ஊர்க்காரன். ஒரோன்சோ தெற்கு இத்தாலியில் இருக்கும் சொந்த ஊரான ஓஸ்தூனிக்குத் திரும்பினார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருமுறை பேசி முடித்த பெண் ஒரு கோடைக்காலம் முழுக்கக் காத்திருந்துவிட்டு, ஊரில் இருக்கிற ஒருவனாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாள்.

எங்கள் ஓஸ்தூனியில் வெயில் தாழ்ந்தால் யாரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். சட்டையை மாற்றிக்கொண்டு சதுக்கத்துக்கு வந்து, பெரிய தெருவின் கடைசிவரை போய், திரும்பி, மறுபடியும் போய், சாப்பாட்டு நேரம்வரை நடந்துகொண்டே இருப்பார்கள். கையோடு கை கோர்த்துத்தான் நடப்பார்கள். யார் யாரோடு நடப்பது என்பது பள்ளிக்கூடக் காலத்திலேயே முடிவாகிவிட்ட விஷயம். அந்த வயதில் ஒரோன்சோ வண்டி கழுவப் போய்விட்டார். இப்போது வந்து பார்த்தால் எல்லாக் கைகளும் கோர்த்தாகிவிட்டன.

தனியாக நடந்து பார்த்தார். காப்பிக் கடைக்காரர் பாந்தலேயோ வாசலில் நான்கைந்து பேரோடு நின்றுகொண்டு குரல் கொடுத்தார்.

"என்ன ஒரோன்சோ, பஸ்ஸு கெளம்பப் போகுதா? இப்படி ஓடுற!"

எல்லோரும் சிரித்தார்கள். ஒரோன்சோ கையை உயர்த்திக் காட்டிவிட்டு, நடையைக் குறைக்காமல் போய்விட்டார். மறுநாள் அவர் வெளியே வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கலோஜெரோவோடு தொலைபேசியில் பேசுவார். ஒவ்வொரு தடவையும் கலோஜெரோ கடைசியில் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்: "வாடா. எப்ப வேணாலும் வா. என் வீடு உன் வீடு."

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பக்கத்தில் மின்கணக்கு எடுக்க வருகிறவனிடமும் இதே வார்த்தையைத்தான் சொல்வார்கள். கலோஜெரோ அதை நண்பனிடம் சொல்கிறாரா, அல்லது பழகிய வாய் தானாகச் சொல்கிறதா? ஒரோன்சோவுக்குத் தெரியவில்லை. யோசிக்க யோசிக்க, உலகத்தில் தனக்கு இருக்கிற ஒரே ஆள் இவர்தான் என்பதும், இவரும் இல்லை என்றால் ஒருவரும் இல்லை என்பதும் அவருக்குப் புரிந்தது. நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டியதுதான்.

ஆனால் சொல்லாமல் போக வேண்டும். எங்கள் வழக்கமே அதுதான். சொல்லிவிட்டு வருகிறவர்கள் பாதிரியாரும் வரி வாங்குகிறவரும் மட்டும்தான். சொல்லிவிட்டுப் போனால் கதவைத் திறக்கும் முகம் முன்கூட்டியே சிரித்துத் தயாராக இருக்கும். சொல்லாமல் போனால், கதவு திறந்த அந்த நொடியில் முகம் பொய் சொல்லாது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் ஒரோன்சோ புறப்பட்டார். சின்ன ஃபியட் காரின் பின்னிருக்கையில் ஊர் ஆலிவ் எண்ணெய் ஒரு டின். சித்திரை மாத வெயில் இதமாக இருந்தது.

விரைவுச் சாலையில் போனால் சீக்கிரமே சேர்ந்துவிடலாம். அவர் கடலோரமாகவே, ஊர் ஊராக நின்று நின்று போனார். இத்தனை ஊரையும் ஒரு தடவையாவது முன்பக்கமாகப் பார்த்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதுவும் உண்மைதான். போய்ச் சேர்ந்தால் பதில் தெரிந்துவிடுமே என்ற பயமும் உண்மைதான்.

நேப்பிள்ஸில் கை தானாகத் திருப்பி, காரைப் பழைய பேருந்து நிறுத்தத்துக்கே கொண்டுபோய்விட்டது. காவலாளி எழுந்து வந்து, இரண்டு பேருந்துகளுக்கு நடுவே நிற்கும் குட்டிக் காரைச் சுற்றிப் பார்த்தார்.

"யோவ் ஒரோன்சோ! என்னய்யா இது? உன் பஸ்ஸு தொவைச்சதுல சுருங்கிப்போச்சா?"

"வெந்நீர்ல போட்டுட்டாங்க."

"சரி சரி, ஓரமா விடு. எவனாவது பின்னால எடுக்கும்போது டயர்ல ஒட்டிக்கப்போகுது."

ஒரோன்சோ ஊருக்குள் நடந்தார். பத்தடிக்கு ஒருமுறை தலை தானாகத் திரும்பியது. தெருமுனை வந்தது. திரும்பினால் கார் மறைந்துவிடும். அங்கே அவருடைய கால்கள் நின்றுவிட்டன. திருட அதில் என்ன இருக்கிறது, ஒரு டின் எண்ணெய். அது மூளைக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. முனையில் இருந்த கல்மேடையில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை வெகுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பினார். அன்றைக்கும் அவர் நேப்பிள்ஸைப் பார்க்கவில்லை.

ஜெனோவாவில் பல்லைக் கடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் சந்துகள் இரண்டு ஆள் ஒதுங்கி நடக்கிற அகலம்தான். வளைந்து, ஏறி, இறங்கி, ஒன்று இன்னொன்றுக்குள் புகும். கொஞ்ச நேரத்தில் கார் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே தெரியாமல் போயிற்று. நடையை எட்டிப் போட்டார். ஒரே மீன்கடையை மூன்றாவது முறை கடந்தபோது, மேலே ஜன்னலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண் கூப்பிட்டாள்.

"பெரியவரே, எங்க போகணும்?"

"எங்கயும் இல்லம்மா."

"அப்ப சரியான வழியிலதான் போறீங்க. ஆனா கொஞ்சம் மெதுவாப் போங்க. நீங்க ஓடுற ஓட்டத்தைப் பாத்தா என் துணியெல்லாம் ஆடுது."

அவர் நின்றார். மேலே பார்த்துச் சிரித்தார். அவள் கிளிப்பைப் பல்லில் கடித்தபடி அடுத்த துணியை உதறினாள், பிறகு உள்ளே போய்விட்டாள். இன்னும் ஒரு வார்த்தை பேசுவாளோ என்று அவர் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். ஜன்னல் திறந்துதான் இருந்தது. யாரும் வரவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. துறைமுகத்தருகே நின்று, வழக்கம்போல் கைப்பேசியில் கலோஜெரோவைக் கூப்பிட்டார். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் பக்கத்தில் ஒரு கப்பல் ஊதியது.

"என்னடா சத்தம்?"

"டிவி."

"வீட்லயா இருக்க?"

"வேற எங்க இருக்கப்போறேன்?"

பிறகு நீஸ், தூலோன் என்று போய் மார்சேய் வந்தார். அந்தப் பழைய உணவகத்துக்குப் போனபோது முன்வாசல் எது என்பதே அவருக்குத் தெரியவில்லை. பழக்கப்படி பின்பக்கம் போய், துடைப்பங்களைத் தாண்டி, சமையலறை வழியாக நுழைந்தார். கூட்டம் கொண்டுவருகிற ஓட்டுநருக்கு அங்கே சாப்பாடு இலவசம். பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்த ஒற்றை மேசை அவருக்கு. முதலாளி அம்மா மதாம் அர்லெத் அவரைப் பார்த்ததும் பதறினாள்.

"அய்யோ, இன்னிக்குக் கூட்டம் வருதுன்னு யாரும் சொல்லலையே! எத்தனை பேரு?"

"ஒருத்தர்தான் மதாம். இந்தத் தடவை கூட்டமே நான்தான்."

அவள் சிரித்துவிட்டு, அவர் கையைப் பிடித்து முன்பக்கம் அழைத்துப்போய்க் கடலைப் பார்த்த மேசையில் உட்காரவைத்தாள். மீன் சூப் வந்தது. சுற்றியிருந்த மேசைகளில் எல்லாம் இரண்டு பேர், நான்கு பேர். எதிர் நாற்காலி காலியாக இருப்பது சுவரைப் பார்த்து உட்கார்ந்த காலத்தில் அவருக்குத் தெரிந்ததே இல்லை. இப்போது தெரிந்தது. சூப்பைச் சீக்கிரம் குடித்துவிட்டு எழுந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி அந்த ஊரில்தான். அப்போது பார்த்து ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போனது.

"அதுவும் டிவியா?" என்றார் கலோஜெரோ.

"ஆமா."

"நேத்துக் காலைல உன் வீட்டு போனுக்கு அடிச்சேன். நீ எடுக்கல. திரும்பத் திரும்ப அடிச்சேன்."

"நடக்கப் போயிருந்தேன்."

"காலைலயா? நீயா?"

"காலைலயும் நடக்கச் சொல்லிருக்காங்க."

"யாரு சொன்னா?"

வாயில் வந்ததைச் சொன்னார் ஒரோன்சோ. "டாக்டர்தான்."

பிறகு கலோஜெரோ, "சரி. உடம்பைப் பாத்துக்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வழக்கமான வார்த்தையைச் சொல்லவில்லை. 'வாடா' என்று சொல்லவில்லை. ஒரோன்சோ கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நின்றார். மின்கணக்கு எடுக்கிறவனுக்குச் சொல்கிறதுகூட இனிமேல் தனக்கு இல்லையா?

அதற்கப்புறம் அவர் ஊர்களைப் பார்க்கவில்லை. நடந்தார், ஆனால் எதுவும் கண்ணில் ஏறவில்லை. பெர்ப்பிஞ்ஞானில் மழை பிடித்துக்கொண்டது. விடுதி அறையில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் போனால் ஸ்பெயின். திரும்பிவிடலாம் என்று காலையில் முடிவெடுத்து வண்டியில் ஏறினார். ஏறியதும் பின்னிருக்கையில் எண்ணெய் டின் தெரிந்தது. ஓஸ்தூனியிலிருந்து வெளியே போன எண்ணெய் ஓஸ்தூனிக்கே திரும்பி வந்தால் பாந்தலேயோ ஆயுளுக்கும் சொல்லிச் சிரிப்பான். 'டின்னை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடலாம்' என்று சொல்லிக்கொண்டு வண்டியைத் தெற்கே திருப்பினார்.

தரகோனாவில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மூன்றாவது மாடி. டின்னைத் தூக்கிக்கொண்டு ஏறியதில் மூச்சு வாங்கியது. அழைப்பு மணியை அழுத்துமுன் சட்டைக் காலரைச் சரிசெய்தார். இப்போது அந்த முகம் தெரிந்துவிடும்.

கதவைத் திறந்தது கலோஜெரோவின் மகள் கார்மெலா. பேருந்து நாட்களில் சின்னப் பெண்ணாகப் பார்த்தவள். அவளுடைய முகம் வெளிறிப் போயிற்று. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"மாமா! நீங்க... நீங்க ஆஸ்பத்திரில இல்லையா?"

"நான் எதுக்கும்மா ஆஸ்பத்திரில இருக்கணும்?"

"அப்பா உங்களைப் பாக்கத்தான் ஓஸ்தூனிக்குப் போயிருக்கார்! முந்தாநாள் பார்சலோனாலேர்ந்து கப்பல் ஏறிட்டார். நான் எவ்ளோ சொன்னேன், 'ஒரு போன் பண்ணிட்டுப் போங்கப்பா'ன்னு. 'போன் பண்ணா அவன் நல்லாருக்கேன்னு பொய் சொல்லுவான், நான் போய் நேர்ல பாக்குறேன்'னு ஒரே பிடிவாதம். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுச்சாமே. டாக்டர் நடக்கச் சொன்னாராமே. மாமா, உள்ள வாங்க, அந்த டின்னைக் கீழ வைங்க, விழுந்துடப்போறீங்க."

எங்கள் தெற்கில் நோயைச் சொல்லிக்கொள்கிற வழக்கமும் இல்லை. மறைப்பார்கள். மற்றவர்கள் மோப்பம் பிடித்துக் கிளம்பி வருவார்கள். ஒரோன்சோவே கலோஜெரோவின் இடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பார்.

அப்படியே வாசலில் நின்றபடி அவர் கலோஜெரோவின் கைப்பேசி எண்ணை அழுத்தினார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"எங்கடா இருக்க?" கலோஜெரோவின் குரல் கொழகொழவென்று வந்தது.

"உன் வீட்டு வாசல்ல."

"என்னது?"

"உன் வீட்டு வாசல்லடா. தரகோனால."

"டேய்... நான் உன் வீட்டு வாசல்ல இருக்கேன்டா!"

பிறகு கலோஜெரோ ஆரம்பித்தார்.

"கழுத! ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒவ்வொரு அறையாப் பாத்தேன். உன் வயசுல எவன் படுத்திருந்தாலும் போர்வையை வெலக்கிப் பாத்தேன். ஒருத்தன் அடிக்க வந்துட்டான்! அப்புறம் இந்தக் காப்பிக் கடைக்காரரு ஏணி கொண்டாந்து, பால்கனிக் கதவை உடைச்சு, நீ செத்துக் கெடக்குறியான்னு கட்டிலுக்குக் கீழெல்லாம் பாத்தோம். இப்பத்தான் உனக்கு அடிக்கலாம்னு போனை எடுத்தேன்."

"யாரு, பாந்தலேயோவா? அவனுக்கு ஏன் இந்த வேலை?"

"அதை அவருகிட்டயே கேளு."

பாந்தலேயோவின் குரல் வந்தது. "உனக்கு நான் பூட்டு வாங்கித் தரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். ஏன்யா, உன் ஜன்னல் சாத்தியே கெடக்கு, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா? அது சரி, நீ எங்ககூட எங்க பேசுற! கிண்டல் பண்ணா நின்னு நாலு வார்த்தை திட்டிட்டுப் போகணும்யா. அதானே மரியாதை? நீ கையைத் தூக்கிட்டுப் போய்ட்ட. ஊரெல்லாம் சுத்துனவன், நம்மகூட நிக்கிறது அவனுக்குக் கேவலம்னு நெனச்சோம்."

ஒரோன்சோ டின்னைக் கீழே வைத்தார். "உன் காப்பி கேவலம்" என்றார். "அதுக்குத்தான் நிக்கல."

மறுமுனையில் நான்கைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். யாரோ கை தட்டினார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே கலோஜெரோ நிற்கிறார். வந்து இறங்கிய ஒரே நாளில்! ஒரோன்சோவுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கைப்பேசி மறுபடியும் கலோஜெரோவிடம் போனது.

"நான் இன்னிக்கே கெளம்பி வரேன்," என்றார் ஒரோன்சோ.

"நகராத! நீயும் கெளம்பி நானும் கெளம்பினா மறுபடியும் வழில தவறிடுவோம். எனக்குத் திரும்பி வர்ற கப்பல் இருக்கு. நீ அங்கயே இரு. வெயிட் பண்றதுதானே உன் தொழிலு?"

"உனக்கு ஏன்டா பேச்சு கொழையுது? குடிச்சிருக்கியா?"

அதற்குள் லைன் போய்விட்டது. பக்கத்தில் நின்ற கார்மெலாதான் சொன்னாள்.

"அது வேற ஒண்ணுமில்ல மாமா. பல்செட்டை மறந்துட்டுப் போய்ட்டார். போனை வெச்ச ராத்திரி முழுக்கத் தூங்கல. விடிஞ்சதும் கெளம்பிட்டார். சவரம் பண்ணல, மாத்திரை எடுக்கல. பல்லு கண்ணாடித் தம்ளர்லயே கெடக்கு."

குளியலறை அலமாரியில் அது இருந்தது. தண்ணீருக்குள், கொஞ்சம் சிரித்த மாதிரி. ஒரோன்சோ அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கார்மெலா காப்பி போடப் போனபிறகும் நின்றுகொண்டிருந்தார்.

கப்பல் வரும்வரை அவர் அந்த வீட்டில்தான் இருந்தார். கார்மெலா வேலைக்குப் போவாள். மருமகன் நல்லவன், ஆனால் பேசுவதற்கு இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. சாயங்காலம் ஒரோன்சோ தெருவுக்கு வந்தார். அங்கேயும் ஊரே நடக்கிறது, பெரிய அகலமான தெருவில், கடலைப் பார்த்த இரும்புக் கம்பிவரை. அங்கே போனதும் எல்லோரும் கம்பியைத் தொடுகிறார்கள். தொட்டால் நல்லதாம். அவரும் தொட்டார். கம்பி வெயிலில் சூடாக இருந்தது. இரண்டு பக்கமும் சிரிப்பும் பேச்சும். எதுவும் புரியவில்லை. தனியாக வந்த மாதிரியே தனியாகத் திரும்பினார். ஆனால் மெதுவாக நடந்தார், வழியில் இரண்டு மூன்று இடத்தில் நின்றார். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கேட்கட்டும் என்று நின்றார்.

காலையில் எழுந்ததும் தம்ளரில் தண்ணீர் மாற்றுவதை அவராகவே ஒரு வேலையாக வைத்துக்கொண்டார்.

"அதை யாரையும் தொட விடமாட்டார் மாமா," என்றாள் கார்மெலா.

"அவனுக்குத் தெரியவேணாம். நீயும் சொல்லாத."

கப்பல் வரும் அன்று, மூடி உள்ள ஒரு ஜாம் புட்டியில் பல்செட்டைப் போட்டு எடுத்துக்கொண்டு, பார்சலோனாத் துறைமுகத்துக்குத் தானே போனார். கப்பல் தாமதம் என்றார்கள். பயணிகள் வெளியே வரும் கதவுக்கு எதிரே, டாக்சி ஓட்டுநர்களோடு நின்றுகொண்டார். பக்கத்தில் இருந்தவன் புட்டியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

அரைகுறை இத்தாலியத்தில் கேட்டான்: "என்ன பெரியவரே, ஆளு வர்றதுக்கு முன்னாடி பல்லு வந்துடுச்சா?"

"அவசரத்துல போனான். என்னைப் பாக்கத்தான்," என்றார் ஒரோன்சோ.

டாக்சிக்காரனுக்கு அது புரிந்ததா தெரியவில்லை. அவன் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு தன் வண்டிக்குப் போய்விட்டான். மதியம் தாண்டிக் கதவு திறந்தது. பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். குழந்தைகளோடு, மனைவிகளோடு, கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஒரோன்சோ புட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார்.